2020-ல் மும்பை கரண்ட்டை நிறுத்தியது யார்? – விவாத இழை

முலுண்ட் வாசகரின் கேள்வி
11 மே 2025, காலை 8.40

நேற்றிலிருந்து எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் இதே பேச்சு. பாகிஸ்தான் ஹேக்கர்கள் இந்தியாவின் 70 சதவீத மின்கட்டமைப்பை முடக்கிவிட்டார்களாம். 2020-ல் சீனா மும்பையை அணைத்ததே, அதே மாதிரி என்கிறார்கள். அப்போது நடந்தது உண்மைதானே? ஏடிஎம்மும் மூடிவிடுவார்கள் என்று மாமனார் காலையிலேயே கிளம்பிவிட்டார். செம்பூர்க்காரர் துறைமுக வேலையில் இருப்பவர், அவர் சித்தப்பா மின்சாரத்தில் இருந்தவர். கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

செம்பூர்க்காரரின் பதில்கள்
11 மே 2025, காலை 9.30

70 சதவீதம் என்பது பொய். மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவு ஏற்கனவே மறுத்துவிட்டது. ஏடிஎம் மூடும் என்பதும் பொய், அதையும் மறுத்துவிட்டார்கள். மாமனாரைத் திரும்பி வரச் சொல்லுங்கள்.

மறுப்பை நம்ப மனம் வராதவர்களுக்கு ஒரு கணக்கு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டது ஞாபகம் இருக்கும். இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று மூன்று கட்டமைப்புகளும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிப் பேருக்கு மேல் வசிக்கும் பகுதி. ரயில்கள் நடுவழியில் நின்றன, தில்லி மெட்ரோ நின்றது. அதுவே நாட்டில் ஏறக்குறையப் பாதிதான். 70 சதவீதம் என்றால் அதைவிடப் பெரிது. அப்படி ஒன்று நடந்திருந்தால் வாட்ஸ்ஆப் சொல்ல வேண்டியதில்லை, ஊருக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். நான் தூத்துக்குடிக்குப் போட்டேன். அக்கா மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்து பேசினாள்.

2020 விஷயமும் அதே கதைதான். சீனா செய்ததில்லை, மனிதத் தவறு என்று அப்போதைய மத்திய மின்துறை அமைச்சர் ஆர்.கே. சிங்கே சொல்லிவிட்டார். அவ்வளவுதான்.

11 மே 2025, இரவு 11.15

காலையில் "அவ்வளவுதான்" என்று முடித்தது சரியில்லை. சயான் நண்பர் பிடித்துக்கொண்டார்: "அப்படியானால் மாநில உள்துறை அமைச்சர் சட்டமன்றக் கட்டடத்தில் உட்கார்ந்து 14 ட்ரோஜன் வைரஸ் என்று சொன்னது என்ன?" நியாயமான கேள்வி. அவசரத்தில் எழுதினேன், இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

2020 அக்டோபர் 12, திங்கட்கிழமை, காலை பத்து மணி வாக்கில் மும்பை, தாணே, நவி மும்பை எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் கரண்ட் போனது. லோக்கல் ரயில்கள் தண்டவாளத்தில் அப்படியே நின்றன. கோவிட் காலம் என்பதால் அப்போது ரயிலில் அத்தியாவசியப் பணியாளர்கள் மட்டும்தான். நர்சுகளும் மாநகராட்சி ஊழியர்களும் பெட்டியிலிருந்து குதித்துத் தண்டவாளத்தோரம் நடந்து போனார்கள். பன்னிரண்டு மணிக்குப் பிறகு ரயில் ஓட ஆரம்பித்தது. சில இடங்களுக்குக் கரண்ட் வர இரவாகிவிட்டது.

எங்கள் கட்டடத்தில் எதிர்வீட்டு மாமி கோவிட்டிலிருந்து மீண்டு வந்து பதினோரு நாள். வீட்டிலேயே ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருந்தார்கள். கரண்ட் போனதும் அந்த மெஷின் கத்தும் பாருங்கள், நீளமாக ஒரே சுருதியில், அது நான்கு மாடிக்கும் கேட்டது. மாமா கையில் ஆக்சிமீட்டரை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். 91, 90, 88 என்று சத்தமாகப் படிக்கிறார், யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல். சொசைட்டி ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டும். வாட்ச்மேனும் நானும் மொட்டைமாடி லிஃப்ட் அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை ஒன்றோடொன்று சேர்த்து மாடிப்படி வழியாக இறக்கினோம். மூன்று வயர் போதவில்லை. நாலாவது வயரை இரண்டாம் மாடி குஜராத்திப் பையன் தன் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தான். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தபோது மணி 10.40.

யார் அணைத்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி நாலரை மாதம் கழித்துத்தான் வந்தது.

12 மே 2025, இரவு 10.00

2021 பிப்ரவரி கடைசி நாளில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. ரெக்கார்டட் ஃபியூச்சர் என்ற அமெரிக்க நிறுவனம் "ரெட்எக்கோ" என்று பெயர் வைத்த ஒரு குழுவைக் கண்டுபிடித்திருந்தது. சீன அரசோடு தொடர்புடையது என்பது அவர்கள் மதிப்பீடு. ஷேடோபேட் என்ற உளவு மென்பொருளை வைத்து இந்திய மின்துறையின் பத்து அமைப்புகளைக் குறிவைத்திருந்தது. எந்தப் பக்கம் எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் மண்டல மின்சுமை மையங்கள் நாட்டில் ஐந்து. அதில் நான்கு அந்தப் பட்டியலில். கூடவே இரண்டு துறைமுகங்கள், மும்பையும் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகமும். நான் பிறந்த ஊரின் துறைமுகமும் பிழைக்க வந்த ஊரின் துறைமுகமும் ஒரே பட்டியலில் இருந்ததைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2020 ஜூன் 15-ல் லடாக் எல்லையில், கல்வானில் சீனாவோடு மோதல். நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அந்த மாதக் கடைசியில் டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளுக்குத் தடை. அக்டோபரில் மும்பை. இந்த வரிசையைப் பார்த்தால் யாருக்கும் ஒரு கதை தோன்றும். செய்தி வந்த மறுநாளே மகாராஷ்டிர உள்துறை அமைச்சர் அனில் தேஷ்முக், மாநில சைபர் பிரிவின் அறிக்கையை வைத்துக்கொண்டு, மின்வாரியக் கணினிகளில் 14 ட்ரோஜன்கள் நுழைந்திருக்கலாம், நாசவேலையாக இருக்கலாம் என்றார். அதற்கு அடுத்த நாள் மத்திய அமைச்சர் சிங், மனிதத் தவறுதான் என்றார். மாநிலத்தில் ஒரு கூட்டணி, மத்தியில் அதற்கு எதிர்க்கட்சி. சீனத் தூதரகமும் மறுத்தது.

இதில் பலரும் கவனிக்காமல் விட்டது: அறிக்கை எழுதிய நிறுவனமே, மும்பை மின்தடைக்கும் ரெட்எக்கோவுக்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று எழுதியிருந்தது. சிங்கும் முழுக்க இல்லை என்று சொல்லவில்லை. சுமை மையங்கள் மேல் தாக்குதல் நடந்தது, ஆனால் மின்சாரத்தை இயக்கும் பகுதிக்கு அது போய்ச்சேரவில்லை என்றார்.

ஆக, கேள்வி இரண்டு. உள்ளே ஆள் இருந்தானா? இருந்தான் என்றே எல்லா அறிகுறியும் காட்டுகிறது. ஸ்விட்சை அணைத்தது அவனா? அதற்கு ஆதாரம் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியதால்தான் ஐந்து வருடமாக ஒரு பக்கம் "சீனா அணைத்தது" என்றும் இன்னொரு பக்கம் "ஒன்றுமே நடக்கவில்லை" என்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். நேற்றுக் காலை நானும் இரண்டாவது கட்சியில் நின்றேன்.

14 மே 2025, மாலை 6.20

சித்தப்பா வந்திருந்தார். 31 வருடம் ஸ்விட்ச்யார்டில் நின்றவர். ரெட்எக்கோ எல்லாம் அவருக்கு அக்கறையில்லை. "ஐலண்டிங் ஏன் நிற்கலைன்னு கேளுடா" என்றார்.

மும்பைக்கு 1980-களிலிருந்தே ஒரு தனி ஏற்பாடு உண்டு. வெளியே கட்டமைப்பு சரிந்தால் நகரம் தன்னை அறுத்துக்கொண்டு தீவு மாதிரி தனியாக நிற்க வேண்டும். டிராம்பே, தஹானு, உரண், மலைமேல் இருக்கும் நீர்மின் நிலையங்கள், இவை தரும் மின்சாரத்தை வைத்து முக்கியமான இடங்களை ஓட்ட வேண்டும். அன்று வெளியிலிருந்து கல்வா, கார்கர் துணைமின் நிலையங்களுக்கு வரும் 400 கே.வி. உயரழுத்தத் தடங்களில் சில முன்பே பழுதில் கிடந்தன. மிச்சமும் பத்து மணி வாக்கில் போயின. தீவு ஏற்பாடு துண்டித்துக்கொண்டது, ஆனால் உள்ளே உற்பத்தி குறைவு, தேவை அதிகம்.

சித்தப்பா டீ டம்ளரை மேசை விளிம்பில் வைத்துக் காட்டினார். "சைக்கிளில் டபுள்ஸ் ஏத்திட்டு மேட்டில் மிதிக்கிற மாதிரி. மிதி கனக்குது, வேகம் குறையுது. கரண்ட்டோட துடிப்பு ஐம்பது ஹெர்ட்ஸிலிருந்து இறங்க ஆரம்பிச்சா, பின்னால உட்கார்ந்தவனை உடனே இறக்கி விடணும். கொஞ்சம் ஏரியாவை நாமே வெட்டணும். வெட்டறதுக்கு நேரம் செகண்டில்தான் இருக்கு. வெட்டலைன்னா மெஷின் தன்னைக் காப்பாத்திக்கத் தானே நின்னுடும். அப்புறம் மொத்தமும் இருட்டு."

கம்பி பழுதைக் கவனிக்காமல் விட்டால் வரும் இருட்டும், ஒருவன் வெளிநாட்டில் உட்கார்ந்து தடத்தை அணைத்தால் வரும் இருட்டும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டுக்கும் மருந்து, தீவு சரியாக நிற்பதுதான்.

15 மே 2025

சின்னத் திருத்தம். சித்தப்பா படித்துவிட்டு, "நான் கவனிக்காம விட்டாங்கன்னு சொல்லலை" என்றார். பழுது பார்க்க ஒரு தடத்தை எடுத்தால் மற்ற தடங்களில் எவ்வளவு சுமை ஏறும் என்று முன்கூட்டிக் கணக்குப் போட வேண்டும், அந்தக் கணக்கு பிசகியது என்பதுதான் அவர் சொன்னது. வேலை செய்தவர்களைக் குறை சொல்வதாக வந்துவிட்டது. மன்னிக்கவும்.

19 மே 2025, இரவு 9.45

தாராவியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், சொந்த ஊர் ராதாபுரம் பக்கமாம்: "மும்பை கரண்டை விடுங்கண்ணே, கூடங்குளத்துக்குள்ளயே வைரஸ் போச்சுன்னாங்களே?"

போனது. 2019. முதலில் செய்தி சமூக ஊடகத்தில்தான் வந்தது. அக்டோபர் 29-ம் தேதி அணுமின் நிலையத்தின் பெயரில் மறுப்பு வந்தது, அப்படி எதுவும் நடக்கவில்லை, நடக்கவும் முடியாது என்ற தொனியில். மறுநாளே அதை நடத்தும் என்.பி.சி.ஐ.எல். ஒப்புக்கொண்டது: தீநிரல் இருந்தது உண்மை; அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4-ம் தேதியே சொல்லிவிட்டது; நிர்வாக வேலைக்கு இணையத்தோடு இணைத்திருந்த ஒரு கணினியில் இருந்தது; உலையை இயக்கும் அமைப்பு தனி, அதற்குப் போகவில்லை. அந்தத் தீநிரல் டிட்ராக் வகை. வடகொரியாவின் லாசரஸ் ஹேக்கர் குழுவோடு சேர்த்துப் பேசப்படுவது.

உலை பாதிக்கப்படவில்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அந்த ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. செப்டம்பரிலேயே தெரிந்த விஷயத்தை அக்டோபர் கடைசியில் "இல்லை" என்று சொல்லி, மறுநாள் "ஆமாம்" என்றால், அடுத்த முறை உண்மையாகவே இல்லாதபோது "இல்லை" என்றால் யார் நம்புவார்கள்? முலுண்ட் நண்பரின் மாமனார் இந்த மாதம் ஏடிஎம்முக்கு ஓடியதற்குக் காரணத்தில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். கூடங்குளத்தைச் சுற்றி இருக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு மணி நேரம் தாமதமானாலும் சரியான பதில் போதும்.

2 ஜூன் 2025, இரவு 11.30

மாட்டுங்கா நண்பர் கேட்டது: "உலகத்தில் எங்காவது கணினி வழியாகக் கரண்ட்டை அணைத்தது நிரூபணமாகியிருக்கிறதா, எல்லாமே 'இருக்கலாம்'தானா?"

இருக்கிறது. உக்ரைன், 2015 டிசம்பர் 23. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு. மூன்று விநியோக நிறுவனங்கள், சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள். பல மாதம் முன்பே மின்னஞ்சலில் ஓர் ஆவணத்தை அனுப்பி, அதைத் திறந்தவர்களின் கணினி வழியாக உள்ளே வந்து, பொறுமையாக உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அன்று மாலை கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. ஒவ்வொரு பிரேக்கராகப் போய்த் திறந்தது; திறந்தால் அந்தத் தடத்தில் கரண்ட் போய்விடும். அவர் தன் மவுஸை அசைத்தும் பலனில்லை, அவரைக் கணக்கிலிருந்தே வெளியே தள்ளிவிட்டது. இதோடு விடவில்லை. அந்த நிறுவனங்களின் யூ.பி.எஸ்.ஸையும் அணைத்தார்கள், புகார் எண்ணுக்குப் பொய் அழைப்புகளைக் குவித்து மக்கள் போன் போட முடியாதபடி செய்தார்கள், துணைமின் நிலையக் கருவிகளின் உள்மென்பொருளை அழித்தார்கள்.

ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் கரண்ட் வந்துவிட்டது. எப்படி? ஊழியர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துணைமின் நிலையமாகப் போய்க் கையால் பிரேக்கரைப் போட்டார்கள். பழைய கருவிகள், கையால் போடத் தெரிந்த ஆட்கள். பிறகு பல மாதம் கையாலேயே ஓட்டினார்கள். மறு வருடம் டிசம்பர் 17-ல் கீவ் நகரில் இன்னொரு தாக்குதல், சுமார் ஒரு மணி நேரம். அமெரிக்காவும் பிரிட்டனும் இவற்றுக்கு ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவின் 74455-ம் அணியைக் காரணம் காட்டுகின்றன. சாண்ட்வோர்ம் என்று உலகம் அழைக்கும் குழு அதுதான்.

இன்னொன்றும் உண்டு. அமைதிக் காலத்தில் ஒரு நாடு இன்னொரு நாட்டின் முக்கியக் கட்டமைப்பைச் சேதப்படுத்தக் கூடாது என்ற நெறிகளை ஐ.நா. நிபுணர் குழு 2015-ல்தான் எழுதியது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் அந்தக் குழுவில் இருந்தன. பொதுச்சபை அதை அந்த டிசம்பரில் ஏற்றது. அதே டிசம்பரில்தான் உக்ரைன் இருண்டது.

3 ஜூன் 2025, காலை 7.00

நேற்று எழுதியதைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கையால் போட்டார்கள் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "இப்ப புதுசா கட்டற சப்ஸ்டேஷனில் ஆளே கிடையாது. பூட்டு, கேமரா, அவ்வளவுதான். எல்லாம் தூரத்திலிருந்து. நான் இருந்த இடத்தில் ஷிஃப்டுக்கு நாலு பேர். இன்னிக்கு நாலு ஸ்டேஷனுக்கு ஒருத்தன் வண்டியில் சுத்தறான். அவன் மழையில் சயான்–பன்வேல் ரோட்டில் மாட்டிக்கிட்டா?"

உக்ரைன் கதையில் எனக்கு ஆறுதலாகத் தெரிந்த பகுதியையே அவர் எடுத்துவிட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

5 ஜூன் 2025

மாட்டுங்கா நண்பர் மறுபடி: "சீனா, ரஷ்யா, வடகொரியா. அமெரிக்கா மட்டும் உத்தமமா?"

இல்லவே இல்லை. இயந்திரத்தை உடைக்கும் முதல் பெரிய கணினி ஆயுதம் ஸ்டக்ஸ்நெட். 2010-ல் வெளியே தெரிந்தது. ஈரானின் நத்தான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் சுழலிகளில் சுமார் ஆயிரத்தைக் கெடுத்தது என்பது பரவலான மதிப்பீடு. அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் முடிவு; இரண்டும் இன்றுவரை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை. ஸ்டக்ஸ்நெட் ஈரானோடு நிற்கவில்லை, அதிகமாகத் தொற்றிய நாடுகளில் இந்தோனேசியாவும் இந்தியாவும் உண்டு. 2017 மே மாதம் 150 நாடுகளில் பரவிய வான்னாக்ரை வைரஸ், அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. ரகசியமாக வைத்திருந்து திருட்டுப்போன கருவியில்தான் ஓடியது. 2019-ல் ரஷ்ய மின்கட்டமைப்புக்குள் அமெரிக்கா நிரல் வைத்திருப்பதாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது, ட்ரம்ப் மறுத்தார்.

மறுபக்கம், 2023-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வோல்ட் டைஃபூன். குவாம் தீவு உட்பட அமெரிக்கக் கட்டமைப்புகளுக்குள் சீனக் குழு. சில இடங்களில் குறைந்தது ஐந்து வருடமாக உள்ளே இருந்தார்கள் என்று அமெரிக்க அமைப்புகளே 2024 பிப்ரவரியில் சொல்லின. எதையும் திருடும் அவசரம் இல்லை. தைவான் விஷயத்தில் சண்டை வந்தால் அன்றைக்குப் பயன்படும் என்று காத்திருப்பதாகத்தான் அமெரிக்கா கணிக்கிறது. ரெட்எக்கோவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லைப் பேச்சுவார்த்தை நடக்கும்போது "உன் வீட்டுக் கொல்லைக் கதவு எனக்குத் தெரியும்" என்று சொல்லாமல் சொல்வது. இது என் ஊகம், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

18 ஜூன் 2025, இரவு 10.10

ஸ்பெயின் அறிக்கை நேற்று வந்துவிட்டது. ஏப்ரல் 28-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் பட்டப்பகலில் இருண்டனவே, அன்றைக்கு எல்லா டிவியிலும் சைபர் தாக்குதல் என்று கேள்விக்குறி போட்டு ஓடியது. ஐந்து விநாடியில் 15 கிகாவாட் உற்பத்தி போனது. விசாரித்து, 50 நாளில், அமைச்சர் சாரா ஆகெசன் அறிக்கையோடு வந்தார்: மின்னழுத்தம் ஏறி, அதைக் கட்டுப்படுத்தப் போதிய ஏற்பாடு இல்லாமல், ஒன்று பின் ஒன்றாகத் துண்டித்துக்கொண்டன, சைபர் தாக்குதல் இல்லை. கணினித் தடயங்களைத் தனியாக ஒரு குழு பார்த்திருக்கிறது. பலவீனங்கள் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

நமக்கு வேண்டியது இதுதான். 2020 மும்பைக்கு மாநிலம் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு, மத்திய அரசு ஒரு பேட்டி. மின்பகுதியையும் கணினிப் பகுதியையும் சேர்த்து, இன்னது நடந்தது, இன்னது நடக்கவில்லை என்று ஒரே அறிக்கையாக மக்கள் கையில் கொடுத்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

27 ஜூன் 2025, இரவு 11.50

இன்றோடு எட்டு வருடம். 2017 ஜூன் 27. எங்கள் வேலையில் இருப்பவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

நாட்பெட்யா என்ற தீநிரலை உக்ரைனைக் குறிவைத்து ஏவினார்கள். அங்கே கம்பெனிகள் வரிக்கணக்குக்குப் பயன்படுத்தும் எம்.ஈ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட் வழியாகப் பரவியது. அதே சாண்ட்வோர்ம்தான் என்று மேற்கு நாடுகள் சொல்கின்றன. உக்ரைனில் கிளை வைத்திருந்த நிறுவனங்கள் வழியாக உலகம் முழுக்கப் போனது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 45,000 கணினிகளை, 4,000 சர்வர்களை மறுபடி நிறுவ வேண்டி வந்தது. மொத்த உலகச் சேதம் 1,000 கோடி டாலர் என்று வெள்ளை மாளிகை மதிப்பிட்டது. இங்கே நவசேவா துறைமுகத்திலும் ஒரு முனையம் நின்றது.

நான் அப்போது பன்வேலில் ஒரு சி.எச்.ஏ. (சுங்க முகவர்) ஆபீஸில். மறுநாள் மழை. கரல் ஃபாட்டா தாண்டி டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. எங்கள் ரீஃபர், அதாவது குளிர்சாதன கன்டெய்னர், ஒன்று வரிசையில். உறைந்த இறால், மைனஸ் 18-ல் இருக்க வேண்டும். ஓட்டுநர் நாமக்கல்காரர், ஐம்பது வயதிருக்கும். ஜென்செட்டில் டீசல் எவ்வளவு இருக்கிறது என்று மணிக்கு ஒருமுறை குச்சி விட்டுப் பார்க்கிறார். கன்டெய்னர் முகப்பில் அந்தச் சின்னத் திரையில் எண் மைனஸ் 17 ஆனபோது, "தம்பி, இது நம்ம தப்பு இல்லைன்னு யார்கிட்ட எழுதி வாங்கறது?" என்று கேட்டார். டீசல் வாங்க நான் பைக்கில் உரண் ரோட்டுக்குப் போய், கேனை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஆபீஸில் கன்டெய்னர் எண்களை மறுபடி நோட்டில் எழுத ஆரம்பித்தோம். நாலு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் முந்தைய பத்தையும் வைத்துப் போடும் சரிபார்ப்பு இலக்கம். கணினி இருந்தால் தப்பான எண்ணை அதுவே பிடித்துவிடும். அன்றைக்கு எங்கள் ஹெட் கிளார்க், ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தவர், காகிதத்தில் பெருக்கிக் கூட்டிப் பதினொன்றால் வகுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். இரண்டு நாளில் மூன்று தப்பு எண்களைப் பிடித்தார். சின்னப் பையன்கள் அவரைச் சுற்றி நின்று கற்றுக்கொண்டார்கள்.

இறால் கெடவில்லை. ஆனால் தாமதத்துக்கான டிடென்ஷன் கட்டணம் எங்கள் வாடிக்கையாளர் தலையில்தான் விழுந்தது. ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவில் நடந்த சண்டையின் பில், தூத்துக்குடிப் பக்கத்து இறால் வியாபாரி ஒருவருக்கு வந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

28 ஜூன் 2025

நேற்று எழுதாமல் விட்டது. மெர்ஸ்க் மீண்டதற்குக் காரணமே ஒரு மின்தடை. கணக்குகளையும் அனுமதிகளையும் வைத்திருக்கும் அவர்களுடைய டொமைன் கன்ட்ரோலர்கள் உலகம் முழுக்க 150 வாக்கில். ஒன்றின் நகல் இன்னொன்றில் இருந்ததால் எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. கானா நாட்டில் மட்டும் ஒன்று தப்பியது. தாக்குதல் வருமுன் அங்கே கரண்ட் போய் அது இணைப்பிலிருந்து விலகியிருந்தது. அதிலிருந்து எடுத்துத்தான் மொத்தத்தையும் கட்டினார்கள்.

சித்தப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப ஒரு காப்பி எப்பவும் வயர் புடுங்கி வெச்சிருக்கணும்" என்றார்.

6 ஜூலை 2025, மாலை 5.00

சயான் நண்பர்: "இதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டியது. சொசைட்டிக்காரன் என்ன செய்ய?"

2022 ஏப்ரலில் அதே ரெக்கார்டட் ஃபியூச்சர் இன்னொரு அறிக்கை விட்டது. லடாக் எல்லைக்குப் பக்கத்தில் வட இந்திய மாநிலச் சுமை மையங்கள் ஏழு குறிவைக்கப்பட்டன. முயற்சி நடந்தது, பலிக்கவில்லை என்று அரசும் ஒப்புக்கொண்டது. அந்தக் குழு தன் கட்டளைகளை அனுப்ப எதைப் பயன்படுத்தியது தெரியுமா? இணையத்தில் திறந்து கிடந்த கண்காணிப்புக் கேமராப் பெட்டிகள். டி.வி.ஆர்., ஐ.பி. கேமரா. வேறு நாடுகளில் யாரோ ஒரு கடைக்காரர், ஏதோ ஒரு கட்டடம். அவர்களுக்குத் தெரியாது தங்கள் பெட்டி வழியாக லடாக் மின்சாரத்தைத் தொட முயல்கிறார்கள் என்று.

நேற்று கீழே போய் எங்கள் சொசைட்டி பெட்டியைப் பார்த்தேன். வாட்ச்மேன் நாற்காலிக்குப் பின்னால், பிள்ளையார் படத்துக்குக் கீழே. மேலே வெள்ளை ஸ்டிக்கர், அதில் பால்பாயின்ட் பேனாவில் பாஸ்வேர்டு. வாங்கியபோது கம்பெனி போட்டுத் தந்த அதே பாஸ்வேர்டு. ஏழு வருடமாக அப்டேட் இல்லை. இந்தியாவில் விற்கும் இணையக் கேமராக்களை அரசு ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்ற விதி இந்த ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஏற்கனவே சுவரில் தொங்குவதை அது தொடாது.

13 ஜூலை 2025, இரவு 9.20

சொசைட்டி கூட்டம் முடிந்தது. பாஸ்வேர்டை மாற்றினோம், வெளியிலிருந்து பெட்டிக்குள் வரும் வழியை ரவுட்டரில் அடைத்தோம். கேமரா போட்டவர் சம்மதிக்கவில்லை, "அப்புறம் நீங்க போனில் பார்க்க முடியாது" என்றார். செக்ரட்டரி, "கீழே இறங்கி வந்து பார்த்துக்கறோம்" என்றார். ஸ்டிக்கரை வாட்ச்மேனே நகத்தால் சுரண்டி எடுத்தார்.

கூட்டத்தில் எதிர்வீட்டு மாமா எழுந்து இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார். லிஃப்ட் அறையிலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் ஜெனரேட்டர் லைனில் ஒரு பிளக் பாயின்ட், மருத்துவ மெஷினுக்கு மட்டும். மாமி இப்போது நன்றாக இருக்கிறார், மெஷினையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. எலக்ட்ரீஷியன் சனிக்கிழமை வருகிறார். சித்தப்பா கூட நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.